அமெரிக்க அப்பீல் கோர்ட்டுகள்: எந்த சர்க்யூட்டில் படிக்கத் தொடங்கலாம்?

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் "ஒன்பதாவது சர்க்யூட்", "டி.சி. சர்க்யூட்" என்ற பெயர்கள் இப்போது சாதாரணமாகப் புழங்குகின்றன. எச்-4 வேலை அனுமதி, பிறப்பால் வரும் குடியுரிமை, இறக்குமதி வரி என்று எதை எடுத்தாலும் செய்தி அங்கே போய்த்தான் நிற்கிறது. செய்தித் தலைப்புகளைப் படித்துப் படித்து அலுத்துப்போய், தீர்ப்பையே நேராகப் படித்துவிடலாம் என்று உட்காருபவர்களுக்கு முதல் கேள்வியே மலைப்பாக இருக்கிறது. சர்க்யூட் என்று அழைக்கப்படும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மொத்தம் 13. எதில் தொடங்குவது?

நான்கை எடைபோடுகிறேன்: டி.சி., ஒன்பதாவது, ஐந்தாவது, ஏழாவது. பெடரல் சர்க்யூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மற்ற எட்டிலும் நல்ல சரக்கு இருக்கிறது. பாஸ்டனில் உள்ள முதல் சர்க்யூட் 2017இல், மெய்ன் மாநிலச் சட்டம் ஒன்றில் ஒரு காற்புள்ளி விடுபட்டதை வைத்து, பால் நிறுவன ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்ட வழக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த நிறுவனம் கடைசியில் 50 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. ஆனால் தொடர்ந்து படிக்க ஒரு கோர்ட் வேண்டும் என்றால், நம்மைப் போன்ற வாசகர்களுக்கு அந்த நான்கில் ஒன்றுதான் சரிப்படும் என்பது என் எண்ணம்.

எதை வைத்து ஒப்பிடுவது?

முதலில் அமைப்பு. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர் சர்க்யூட்டுக்குப் போகிறார். பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் ஒன்றுதான் உண்டு. அது ஆண்டுக்கு அறுபது, எழுபது வழக்குகளை மட்டுமே வாதம் கேட்டுத் தீர்க்கிறது. ஆகவே மிகப் பெரும்பாலான வழக்குகளில் சர்க்யூட் சொல்வதுதான் கடைசி வார்த்தை. நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, பதவி ஆயுளுக்கும்.

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். அந்தக் கோர்ட்டின் தீர்ப்பு உங்கள் வீட்டைத் தொடுகிறதா? சட்டம் படிக்காதவர் படிக்கிற நடையில் எழுதுகிறார்களா? இங்கிருந்து வாதத்தைக் கேட்க நேரம் தோதுப்படுமா? இன்று வந்த தீர்ப்பு நாளைக்கும் நிற்குமா? கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

| | டி.சி. | ஒன்பதாவது | ஐந்தாவது | ஏழாவது |
|---|---|---|---|---|
| இடம் | வாஷிங்டன் | சான்பிரான்சிஸ்கோ | நியூ ஆர்லியன்ஸ் | சிகாகோ |
| நீதிபதி இடங்கள் | 11 | 29 | 17 | 11 |
| ஆளுகை | மத்திய அரசின் விதிகள் | கலிபோர்னியா, வாஷிங்டன் உட்பட 9 மாநிலங்கள் | டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி | இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் |
| காலை வாதம் நம் நேரப்படி (கோடை / குளிர்காலம்) | மாலை 7 / இரவு 8 | இரவு 9.30 / 10.30 | இரவு 7.30 / 8.30 | இரவு 8 / 9 |
| நடை | நிதானம், அடிக்குறிப்பு அதிகம் | நீதிபதிக்கு நீதிபதி மாறும் | சூடு | சுருக்கம், தெளிவு |
| மறைமுகச் செலவு | துறைகளின் தனிமொழி | நீளம் | உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் படிக்க வேண்டும் | செய்தியில் அடிபடும் வழக்குகள் குறைவு |

டி.சி. சர்க்யூட்: நம் வீட்டுக் கேள்விகள் வந்து சேரும் இடம்

இதன் கீழ் மாநிலம் எதுவும் கிடையாது. ஆனால் மத்திய அரசுத் துறைகள் போடும் விதிகளை எதிர்க்கும் வழக்குகள் இங்கேதான் குவிகின்றன. விசா, வேலை அனுமதி, சுற்றுச்சூழல், தொலைத்தொடர்பு எல்லாம் விதிகளால் நடப்பவை என்பதால் இந்தச் சின்னக் கோர்ட்டின் கை நாடு முழுக்க நீள்கிறது.

எச்-4 வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருந்தபடி கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஊழியரின் கணவன் அல்லது மனைவி வேலை பார்க்கலாம் என்ற விதி 2015இல் வந்தது. கலிபோர்னியாவின் மின் நிறுவனம் ஒன்றில் வேலை இழந்தவர்கள் சேர்ந்து அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அது வருஷக்கணக்கில் இழுத்து, 2024 ஆகஸ்ட் 2 அன்று டி.சி. சர்க்யூட்டில் விதிக்குச் சாதகமாக முடிந்தது. தீர்ப்பு வருமோ வராதோ என்று எத்தனை குடும்பங்கள் வீட்டுக்கடன் எடுப்பதைத் தள்ளிப்போட்டிருக்கும்! ஆனால் அந்தத் தீர்ப்பைத் திறந்தால் பெரிய தத்துவ விவாதம் எதுவும் இருக்காது. மாணவர் விசாவில் வந்தவர்கள் படிப்பு முடிந்தபின் பயிற்சி வேலை பார்க்கும் திட்டத்தை இதே கோர்ட் 2022இல் ஏற்றுக்கொண்டது. அந்த முன்தீர்ப்பு இந்த வழக்கையும் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் சாரம். உண்மையான வாதப் போர் 2022 தீர்ப்பில் இருக்கிறது. செய்திகளில் இந்தத் தொடர்பு ஒரு வரியில் கடந்துபோய்விடும். தீர்ப்பைப் படிப்பவருக்குத்தான் அது பிடிபடும்.

தமிழர்களுக்கு இந்தக் கோர்ட்டில் இன்னொரு ஈர்ப்பு, ஸ்ரீ ஸ்ரீனிவாசன். சண்டிகரில் பிறந்து, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் வளர்ந்தவர். குடும்பத்தின் வேர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில். 2013இல் செனட் அவரை 97-0 என்று ஒருமனதாக ஏற்றது. 2020 பிப்ரவரியில் தலைமை நீதிபதியானார். ஊர்ப்பாசத்தில் அவர் தீர்ப்பைப் படிக்கத் தொடங்கினாலும் தப்பே இல்லை. எதிர்த்தரப்பு வாதத்தை அதன் பலம் குறையாமல் எடுத்து வைத்துவிட்டுப் பதில் சொல்கிற நிதானம் அவரிடம் உண்டு. புதிதாகப் படிப்பவருக்கு அது பெரிய உதவி.

கேட்பதற்கும் இது நல்ல கோர்ட். வாதங்களின் ஒலியை நேரலையாக யூடியூபில் தருகிறார்கள், சீசன் செப்டம்பரிலிருந்து மே வரை. 2024 ஜனவரி 9 அன்று அப்போது முன்னாள் அதிபராக இருந்த டிரம்பின் விலக்குரிமை வழக்கில் (பதவியில் செய்தவற்றுக்காகத் தன் மேல் குற்றவழக்குப் போட முடியாது என்பது அவர் வாதம்) நடந்ததைக் கேட்டுப் பாருங்கள். நீதிபதி புளோரன்ஸ் பேன் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: தன் அரசியல் எதிரியைக் கொல்லும்படி கடற்படையின் சிறப்புப் படைக்கு அதிபர் உத்தரவிட்டால், அவர் மேல் குற்றவழக்குப் போட முடியாதா? முதலில் நாடாளுமன்றம் அவரைப் பதவிநீக்க விசாரணையில் குற்றவாளி என்று தீர்மானித்திருக்க வேண்டும் என்றார் டிரம்பின் வக்கீல். நீதிபதி விடவில்லை, ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்டார். வக்கீல் நிபந்தனையோடு ஆம் என்று சொன்னார். அடுத்த நாள் உலகமே அந்தக் கேள்வியைத்தான் பேசியது. பிப்ரவரி 6இல் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக விலக்குரிமை இல்லை என்றார்கள். ஜூலை 1இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து, அதிபரின் அலுவல்சார்ந்த செயல்களுக்கு விரிவான பாதுகாப்புக் கொடுத்தது. தீர்ப்பு நிற்குமா என்ற கேள்வியை அளவுகோலில் சேர்த்ததற்கு இப்படிப்பட்ட வழக்குகள்தான் காரணம்.

சிரிக்கவும் இடமுண்டு. 2021இல் இந்தக் கோர்ட் வக்கீல்களுக்கு ஒரு அறிவிப்பு விட்டது: மனுக்களில் கேரமண்ட் எழுத்துருவைத் தவிர்க்கவும், படிக்கச் சிரமமாக இருக்கிறது. சட்ட உலகம் ஒரு வாரம் எழுத்துருவைப் பற்றியே பேசியது. 2025 மார்ச்சில், இயந்திரம் தானாக வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, படைப்பாளி மனிதராக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன நீதிபதி பட்ரீசியா மில்லெட், ஸ்டார் டிரெக் தொடரில் வரும் டேட்டா என்ற இயந்திர மனிதனையும் அதற்குள் கொண்டுவந்தார்.

செலவு எங்கே? எல்லா வாரமும் விசா வழக்கு வராது. இந்தக் கோர்ட் வழக்கமாகச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் தீர்ப்பு வெளியிடும். அதில் பாதி எரிவாயுக் குழாய், மின்கட்டணம், விமான ஒழுங்குமுறை என்று இருக்கும். ஒவ்வொரு துறைக்கும் தனிமொழி, தனிச் சுருக்கப் பெயர்கள். அது பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

ஒன்பதாவது சர்க்யூட்: கலிபோர்னியாவில் ஆள் இருந்தால்

இது மிகப் பெரியது. அலாஸ்காவிலிருந்து அரிசோனா வரை 9 மாநிலங்கள், போதாக்குறைக்கு குவாம் முதலான பசிபிக் தீவுகள். பிரீமாண்டிலோ சன்னிவேலிலோ உங்கள் பிள்ளை இருந்தால் அவர்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் கோர்ட் இதுதான். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்ற 2025ஆம் ஆண்டு உத்தரவை, அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று அந்த ஆண்டு ஜூலை 23 அன்று 2-1 என்று சொன்னது இந்த சர்க்யூட். எச்-1பி குடும்பங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த தீர்ப்பு அது.

ஈழத்தமிழர்கள் மறக்கக் கூடாத ஒரு வழக்கும் இங்கே உண்டு. 2017இல் கலிபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜ தூரத்திலேயே பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவர், இலங்கையில் தன்னை வேனில் கடத்திப்போய் அடித்ததைச் சொல்லி அடைக்கலம் கேட்டார். அதிகாரிகள் மறுத்தார்கள். அந்த மறுப்பை நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 மார்ச்சில் ஒன்பதாவது சர்க்யூட் அவருக்கு வழி திறந்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்த வழியை மூடியது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே மனிதரின் கதையை இரண்டு கோர்ட்டுகள் எப்படி இரண்டு விதமாகப் பார்த்தன என்று தெரியும். நான் படித்ததில் மனதை விட்டு அகலாதவை அவை.

நாடகம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதற்கு மிஞ்சிய கோர்ட் இல்லை. வாதங்களை வீடியோவாகவே நேரலையில் காட்டுகிறார்கள், நீதிபதிகளின் முகபாவத்தோடு. 29 பேரும் ஒன்றாக உட்கார முடியாது என்பதால் முழு அமர்வு என்றால் தலைமை நீதிபதியும் குலுக்கலில் வரும் 10 பேரும். யார் பெயர் வருகிறது என்பதில் வழக்கின் போக்கே மாறிவிடும். 2022இல் நீதிபதி லாரன்ஸ் வான்டைக் ஒரு துப்பாக்கி வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். எப்படியும் முழு அமர்வு இதை மாற்றத்தான் போகிறது என்று சொல்லி, அவர்கள் எழுதக்கூடிய தீர்ப்பையும் தானே எழுதி இணைத்தார். 2025 மார்ச்சில் இன்னும் ஒருபடி மேலே போனார். துப்பாக்கி மேகசின் (தோட்டாக்களை நிரப்பும் பெட்டி) வழக்கில் தன் மாறுபட்ட தீர்ப்போடு, அறையில் உட்கார்ந்து துப்பாக்கிகளைக் கையாண்டு விளக்கும் வீடியோவைச் சேர்த்தார். சக நீதிபதிகள், நீதிபதி சாட்சியாக மாறக் கூடாது என்று எழுத்திலேயே கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரி என்றே நினைக்கிறேன். வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்ய முடியாத ஒன்றை நீதிபதி பதிவில் நுழைக்கலாகாது.

இலகுவான பழைய தீர்ப்புகளும் நிறைய. இந்தோனேசியாவில் குரங்கு ஒன்று தானே எடுத்துக்கொண்ட செல்பி படத்துக்குப் பதிப்புரிமை கேட்டுக் குரங்கின் பெயரால் நடந்த வழக்கு 2018இல் இங்கேதான் தோற்றது. பார்பி பொம்மைக் கம்பெனி ஒரு பாட்டை எதிர்த்துப் போட்ட வழக்கில், 2002இல் அலெக்ஸ் கொசின்ஸ்கி எழுதிய தீர்ப்பு, இரு தரப்பும் கொஞ்சம் ஆறப்போடுங்கள் என்ற பொருளில் முடியும். அவர் எழுத்தைப் புகழும் எல்லோரும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தன்னிடம் வேலை பார்த்த பெண்கள் உட்படப் பலர் பாலியல் அத்துமீறல் புகார் சொன்னதால் 2017 டிசம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார்.

இதன் செலவு நீளம். பெரும்பான்மை ஒன்று, ஒத்துப்போகும் தனித் தீர்ப்பு இரண்டு, மாறுபட்டவை மூன்று என்று ஒரு முழு அமர்வு வழக்கு நூறு பக்கத்தைச் சுலபமாகத் தாண்டும். நேரமும் இடிக்கும். குளிர்காலத்தில் இரவு பத்தரைக்குத்தான் தொடங்குவார்கள், மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு முடியாது. பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது சர்க்யூட்: இரண்டு தீர்ப்பு படிக்கத் தயாரா?

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் உறவினர் இருப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க நினைப்பது இயல்பு. சூடு பறக்கும் எழுத்து இங்கே அதிகம். நீதிபதி டான் வில்லெட் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே டிவிட்டரில் பேர்போனவர், பெடரல் நீதிபதியான பின்பும் அந்தச் சுருக்க நடை அவர் வாக்கியங்களில் தங்கிவிட்டது.

ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். காரணம் நான்காவது அளவுகோல், தீர்ப்பு நாளைக்கும் நிற்குமா என்பது. 2024 ஓர் ஆண்டை மட்டும் பாருங்கள். கருக்கலைப்பு மாத்திரை வழக்கு, குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற வழக்கு, நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் நிதி வழக்கு, சமூக ஊடகங்களோடு அரசு பேசியது பற்றிய வழக்கு: நான்கிலும் உச்ச நீதிமன்றம் ஐந்தாவது சர்க்யூட்டைத் திருப்பிவிட்டது. முதல் வழக்கில் ஒன்பது பேரும் ஒருமனம். அதே ஆண்டில் பங்குச்சந்தை ஆணையத்தின் அபராத அதிகாரம் பற்றியும், துப்பாக்கியை அதிவேகமாகச் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற துணைக்கருவி பற்றியும் இதே சர்க்யூட் சொன்னது சரி என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் இங்கே ஒரு தீர்ப்பைப் படித்து முடிவுக்கு வரவே முடியாது. மேலே என்ன ஆயிற்று என்று பார்த்தாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தை ஏற்கெனவே பின்தொடர்கிறவருக்கு இதுவே பலம். அடுத்த பருவத்தில் என்ன பெரிய வழக்கு வரும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னோட்டம் இல்லை.

ஏழாவது சர்க்யூட்: படிக்கப் பழக

நம் வீட்டைத் தொடும் வழக்கு இங்கே அடிக்கடி வராது. கைதிகளின் மனுக்கள், ஊனமுற்றோர் உதவித்தொகை, காப்பீட்டுத் தகராறு இவைதான் அன்றாடம். ஆனாலும் சட்டத் தீர்ப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பத்துப் பதினைந்து பக்கத்தில் கதை, சட்டம், முடிவு மூன்றையும் சொல்லி முடிப்பது இந்தக் கோர்ட்டின் மரபு. அழகான எழுத்துருவில், வசதியான வரி நீளத்தில் மனுவை அச்சிடுவது எப்படி என்று வக்கீல்களுக்காகத் தனிக் கையேடே வைத்திருக்கிறார்கள். படிப்பவர் கண்ணைப் பற்றிக் கவலைப்படும் கோர்ட்.

1981 முதல் 2017 வரை இங்கிருந்த ரிச்சர்ட் போஸ்னரின் பழைய தீர்ப்புகள் ஒரு புதையல். 2011இல் ஒரு வக்கீல், தனக்கு எதிரான முன்தீர்ப்பைக் கண்டுகொள்ளாமலே மேல்முறையீட்டு மனு போட்டார். போஸ்னர் தீர்ப்பில் இரண்டு புகைப்படங்களை வைத்தார். ஒன்றில் மணலுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி. மற்றதில் கோட்டு சூட்டு போட்ட மனிதர், அதே நிலையில். நெருப்புக்கோழி உயர்ந்த பிராணிதான், ஆனால் வக்கீலுக்கு அது முன்மாதிரி அல்ல என்று எழுதினார். பாவம் அந்த வக்கீல், ஆனால் முன்தீர்ப்பை மறைக்கக் கூடாது என்ற பாடத்தை அதற்குப்பின் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2014இல் கோழி பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளர்கள், சாப்பாட்டு இடைவேளையில் பாதுகாப்பு உடையைக் கழற்றி மாட்டும் நேரத்துக்குக் கூலி கேட்டார்கள். போஸ்னர் அந்த உடைகளை வாங்கிவரச் சொல்லி, தன் அலுவலக ஊழியர்களை மாட்டச் சொல்லிப் படம் பிடித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று தீர்ப்பில் எழுதினார். உடன் இருந்த நீதிபதி டயேன் வுட் கடுமையாக மறுத்தார்: ஆலையில் கை நிறையக் கோழி ரத்தத்தோடு வரிசையில் நிற்பவரின் நேரமும் அலுவலக அறையில் நிற்பவரின் நேரமும் ஒன்றாகுமா? நான் வுட் பக்கம். பதினொரு வருடத்துக்குப் பின் ஒன்பதாவது சர்க்யூட்டில் துப்பாக்கி வீடியோ வந்தபோது எழுந்த கேள்வியின் வேர் இந்தக் கோழி ஆலை வழக்கிலேயே இருக்கிறது.

பெடரல் சர்க்யூட்: தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும்

காப்புரிமையும் (பேடன்ட்) சர்வதேச வர்த்தகமும் இதன் துறை. 2025 ஆகஸ்ட் 27இல் பல இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்காவில் 50% வரி நடைமுறைக்கு வந்தது. இரண்டே நாளில், ஆகஸ்ட் 29இல், அவசரநிலைப் பொருளாதாரச் சட்டத்தை வைத்து நாடு நாடாக வரி விதிக்க அதிபருக்கு அதிகாரமில்லை என்று இந்தக் கோர்ட் 7-4 என்று சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனதால் வரி உடனே நிற்கவில்லை. திருப்பூரில் ஏற்றுமதி செய்பவர், மென்பொருள் காப்புரிமை வைத்திருப்பவர் இதைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு வறட்சி.

எதை எடுப்பது, எப்படித் தொடங்குவது

விசா கவலை உள்ள குடும்பம் என்றால் தயங்காமல் டி.சி. சர்க்யூட். மாலை நேரம் தோதுப்படும், தீர்ப்பு நாடு முழுக்கப் பேசும், நடை பழகிவிடும். ஆங்கிலத் தீர்ப்பே இதுவரை படித்ததில்லை என்றால் முதல் ஒரு மாதம் ஏழாவதில் போஸ்னரின் நாலைந்து தீர்ப்புகள், அப்புறம் டி.சி. சட்டக் கல்லூரி மாணவர்களும் வாதத் திறமையைப் பார்த்துக் கற்க விரும்புகிற இளம் வக்கீல்களும் ஒன்பதாவதின் வீடியோக்களை எடுக்கலாம். அரசியல் விவாதத்தில் ஊறியவர்கள் ஐந்தாவதுக்குப் போக ஆசைப்படுவார்கள், அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எந்த கோர்ட்டானாலும் நீதிபதியை யார் நியமித்தது என்பதைத் தீர்ப்பை முடித்தபின் பாருங்கள். முன்னாலேயே பார்த்தால் வாதம் காதில் ஏறாது.

காசு விஷயம். தீர்ப்புகள் எல்லா சர்க்யூட்டின் இணையதளத்திலும் இலவசம். மனுக்களையும் பார்க்க வேண்டும் என்றால் பேசர் என்ற அரசுத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், பொதுவாக ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் முடித்துக்கொண்டால் கட்டணமே கிடையாது. கோர்ட்லிசனர் என்ற லாபநோக்கற்ற தளத்தில் பல ஆவணங்கள் இலவசமாகவே கிடைக்கும், பேசருக்குப் போகும் முன் அங்கே தேடுங்கள்.

டி.சி.யில் தொடங்குகிறவர்கள் 2022ஆம் ஆண்டின் மாணவர் பயிற்சி வேலைத் தீர்ப்பை முதலில் படியுங்கள். பெரும்பான்மையை முடித்துவிட்டு மாறுபட்ட பகுதியையும் விடாமல் படியுங்கள். அதன்பின் 2024ஆம் ஆண்டின் எச்-4 தீர்ப்பைத் திறந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.